சங்கீதம் சொல்லாத அப்பம்

ஞானஸ்நானப் பெருநாள் வாரம் என்றால் நஸ்லத் தாத்ரோஸ் ஊரில் எந்தத் தெருவில் போனாலும் சேப்பங்கிழங்கு வேகிற வாசனைதான். கீரையும் பச்சைக் கொத்தமல்லியும் பூண்டும் வதங்கி, எலும்புச் சாறில் கிழங்கு குழைகிற அந்த வாசனைக்கு வயிறு நிறைந்தவனும் ஒருதரம் நின்று எட்டிப் பார்ப்பான். சாப்பிடுகிறவர்களுக்கு என்ன, பெருநாள். சீவுகிற பெண்களுக்கல்லவா தெரியும் அந்தக் கிழங்கின் குணம்! இல்ஹாம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, அரிக்கிற கையை முழங்காலில் தேய்த்துத் தேய்த்துச் சீவிக்கொண்டிருந்தாள். தூபா என்கிற குளிர் மாதத்து வாடைக்காற்று கதவிடுக்கில் புகுந்து எலும்பைக் குடைந்தது.

அவள் புருஷன் பிஷாய் கரும்பாலையிலிருந்து வந்தான். வெட்டு நடக்கிற காலம். காலையிலிருந்து கொப்பரை முன்னால் நின்று பாகு கிண்டியதில் அங்கி, மீசை, புருவம் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது.

“யுஸ்தீனா அப்பா, காலைக் கழுவிட்டு உள்ள வாங்க. பாகுக் காலோட பாயை மிதிச்சீங்கன்னா எறும்பு என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்.”

“எறும்பு தூக்குற கனத்துலயா இருக்கே நீ?”

போன வருஷத்துக்கு முன்னால் என்றால் இதற்கு இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். இப்போது பேச்சு மட்டும் பழக்கத்தில் வந்தது, சிரிப்பு வரவில்லை. அவன் தொட்டித் தண்ணீரில் காலை நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைத் தாங்கினான்.

“கோயில்லேருந்து அபூனா ஆள் அனுப்பியிருந்தாரு” என்றாள் இல்ஹாம், கிழங்கைப் பார்த்துக்கொண்டே. “ஞாயித்துக்கிழமை பூசை நம்ம புள்ளைக்கு. வருஷம் திரும்புதில்ல. அப்பக்கூடையை நீங்களே எடுத்துட்டு வந்து நிக்கணுமாம். பெத்த தகப்பன் கையால குடுத்தா விசேஷமாம்.”

“யாருக்கு விசேஷம்? அவருக்கா?”

“உங்க வாயைக் கழுவவும் ஒரு தொட்டி வேணும்.” அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “கேக்குறேன்னு கோவிக்காதீங்க. இந்த ஒரு வாட்டி மனசார சங்கீதம் சொல்லிச் சுடுங்க. நம்ம புள்ளைக்காக.”

“ம்.”

அந்த ‘ம்’ சுத்தப் பொய்.

கோயிலின் மூலையில், அப்பம் சுடுவதற்கென்றே ஒரு சின்ன அறை இருக்கிறது. பெத்லகேம் என்று அதற்குப் பேர். பெண்கள் வாசற்படி தாண்டக்கூடாது. சுடுகிறவன் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருந்து, மாவில் தண்ணீர் ஊற்றுகிற நேரம் முதல் கடைசி அப்பம் அடுப்பை விட்டு வெளியே வருகிற வரைக்கும் வேதப் புத்தகத்துச் சங்கீதங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மாவில் உப்புக் கிடையாது. உருட்டி, தட்டி, சிலுவை வெட்டிய முத்திரைக் கட்டையை மேலே அழுத்தி, ஆண்டவரின் ஐந்து காயங்களுக்காகக் குச்சியால் ஐந்து துளை குத்தி, அடுப்பில் வைக்கவேண்டும். வெடித்த அப்பம் பலிபீடத்துக்கு ஆகாது. பிஷாயின் அப்பா இந்த வேலை பார்த்தார், அவருக்குப் பிறகு பிஷாய். பாகு கிண்டுகிறவன்தான், ஆனாலும் ஊரில் அவனுக்கு ஒரு மரியாதை இருந்ததென்றால் அது இந்த அறையால் வந்தது.

ஒரு வருஷமாக அந்த அறைக்குள் பிஷாய் ஒரு சங்கீதமும் சொல்லவில்லை. ஒன்று கூட இல்லை.

நடந்தது இதுதான். யுஸ்தீனா அவர்களுக்கு வெகுகாலம் காத்திருந்து பிறந்த ஒரே பிள்ளை. கோயில் கோயிலாக நேர்ந்து பெற்றவள். பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆலைக்கு வந்து, அப்பன் கொப்பரை ஓரத்தில் வழித்துக் கொடுக்கும் பாகை ரொட்டியில் தடவித் தின்கிற பிள்ளை. போன தூபாவில் ஒரு புதன்கிழமை வயிற்று வலி என்று சுருண்டாள். வியாழக்கிழமை பிஷாய் பக்கத்து வீட்டு மஹ்ரூஸ் ஹாஜியிடம் சரக்கு வண்டியைக் கேட்டான். ஹாஜி மறுபேச்சுப் பேசாமல் கரும்பை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம் பார்த்து கோயில் குரு அபூனா மத்தாவுஸ் ஜெபித்த எண்ணெயோடு வந்தார். பிள்ளையின் நெற்றியில், வயிற்றில் எண்ணெய் பூசினார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்:

“எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க. எனக்குச் சொல்லப்பட்டிருக்கு. சனிக்கிழமை பிள்ளை எழுந்து நடப்பா.”

பிஷாய்க்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கினான். இல்ஹாம் ஓடிவந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். “அபூனா சொல்லிட்டாரு. அதுக்கு மேல போனா நம்ம விசுவாசம் என்னத்துக்கு? சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க” என்று அழுதாள். பொறுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வலி சட்டென்று நின்றுபோயிற்று. பிள்ளை சிரித்தது, பாகு கேட்டது. தெருப் பெண்கள் எல்லாம் குலவையிட்டார்கள். அபூனா வந்து முத்தம் கொடுத்தார். பாவிகள், அது வலி நின்றதல்ல, குடல்வால் வெடித்தது என்று யாருக்குத் தெரியும்? சாயங்காலம் காய்ச்சல் அனலாய் அடித்தது. சனிக்கிழமை ஹாஜியின் வண்டியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வியாழக்கிழமையே கொண்டுவந்திருக்கக் கூடாதா?”

நாற்பதாம் நாள் அபூனா வீட்டுக்கு வந்தார். சர்க்கரை போடாத துக்கக் காப்பியைக் கையில் வாங்கினார். பிஷாய் நேராகவே கேட்டுவிட்டான்.

“அபூனா, சனிக்கிழமை எழுந்து நடப்பான்னு சொன்னீங்களே.”

“நானா?” அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். அதுதான் பிஷாயை அறைந்தது. “அப்படியெல்லாம் நான் எப்படிப்பா சொல்லுவேன்? ஜெபம் பண்றேன்னு சொன்னேன். ஆண்டவர் சித்தம்னு சொன்னேன். துக்கத்துல மனுஷன் காதுல என்னென்னமோ விழும்.”

“என் காதுல மட்டுமா விழுந்துச்சு? இல்ஹாம், நீ பக்கத்துலதானே நின்னே. சொல்லு.”

இல்ஹாம் தட்டிலிருந்த காப்பிக் கோப்பைகளை நேராக்கினாள். மறுபடியும் நேராக்கினாள்.

“எனக்கு ஞாபகம் இல்ல யுஸ்தீனா அப்பா” என்றாள். “அபூனா பொய் சொல்லுவாரா?”

அபூனா மாற்றிப் பேசியதுகூடப் பெரிதில்லை. கட்டின பெண்டாட்டி, தன்னோடு தோளொட்டி நின்று கேட்டவள், இல்லையென்று சொல்லிவிட்டாள். தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று பிஷாய் பல நாள் யோசித்தான். ஹாஜியிடம் போய்க் கேட்கலாம். ஆனால் அவர் வெளியே வண்டிக்குள் இருந்தார், அபூனா வாயால் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. இந்த உலகத்தில் அந்த வார்த்தை தெரிந்தது மூன்றே பேருக்கு. ஒருவர் மறுத்துவிட்டார், ஒருத்தி மறந்துவிட்டாள். மிச்சம் இவன். அப்புறம் மேலே ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்களே, அவர். அவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் அவன் பெத்லகேமுக்குள் வாயை மூடிக்கொண்டு மாவு பிசைந்தான். வேண்டுமென்றேதான். ‘நீ இருக்கிறது நிஜம்னா இந்த மாவை உப்பாமப் பண்ணு. இந்த அப்பத்தை வெடிக்கப் பண்ணு’ என்று நெஞ்சுக்குள் சவால் விட்டான். அன்றைக்கு ஒரே ஒரு அப்பம் வெடித்திருந்தால்கூட அந்த அடுப்படியிலேயே விழுந்து கதறிக் கும்பிட்டிருப்பான். ஒன்றும் வெடிக்கவில்லை. என்றைக்குமில்லாத அழகாய் உப்பி, சிவந்து, வழவழவென்று வந்தது. அபூனா கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, “ஆகா, பிஷாய் கை!” என்றார். ஊர் முழுக்க வரிசையில் நின்று வாங்கித் தின்றது. பிஷாய்க்கு உள்ளே ஏதோ இற்று விழுந்தது. அப்போ இத்தனை வருஷம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

அதன் பிறகு வாராவாரம் அதே ஊமை அப்பம்தான். இந்த வருஷப் பூசைக்கு அவன் ஒரு முடிவோடு இருந்தான். கூடையோடு நிற்கும்போது, ஊரே கேட்க, உரக்கச் சொல்லிவிடுவது: ஒரு வருஷமா நீங்க தின்னதுல சங்கீதம் கிடையாது, உங்க யாருக்காவது வித்தியாசம் தெரிஞ்சுதா? அபூனா, உங்களுக்குச் சொல்லப்படுமே, இது மட்டும் ஏன் சொல்லப்படல? அப்புறம் ஊர் அடித்தாலும் சரி, துரத்தினாலும் சரி.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்புக்குக் கரும்புச் சக்கை கொண்டுபோய்ப் போட்டான். கோயில்பிள்ளை அயாத் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அயாத்துக்கு இடுப்பு வலியும் வாயும் ஓய்ந்த நாள் கிடையாது.

“என்ன மச்சான், மூஞ்சி விரதத்துக்கு முன்னாலயே காஞ்சு கிடக்கு? வீட்டுல சேம்பு வேகலியா?”

“வெந்துச்சு, தின்னேன்.”

“எனக்கு ஒரு கிண்ணம் அனுப்பணும்னு தோணுச்சா? எம் பொண்டாட்டி வச்ச கிழங்கைத் தின்னு தொண்டை அரிக்குது, பேச்சே வரல.”

“அப்படியே இருக்கட்டும். ஊருக்கு நல்லது.”

அயாத் கெக்கெக்கே என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “நாளைக்கு உம் மக பூசை. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இந்த ஒரு வருஷமா உன் அப்பம் தின்னா நெஞ்சுல ஒரு குளிர்ச்சி இறங்குது மச்சான். புள்ளையைப் பறிகுடுத்தவன் சொல்லுற சங்கீதம்ல! ஊரே சொல்லுது.”

பிஷாய் சக்கையை உதறிப் போட்டுவிட்டு வெளியே வந்தான். வாய்க்கால் கரையில் நின்று காறித் துப்பினான். இவர்களை ஏமாற்றுவது இத்தனை சுலபமா, இல்லை இவர்களுக்கு ஏமாறுவதுதான் வேண்டியிருக்கிறதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்குமுன் அடுப்பு மூட்டினான். புளித்த மாவைச் சேர்த்து, அங்கிக் கையைத் தோளுக்கு ஏற்றிக் கட்டி, முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைந்தான். காற்று சுத்தமாய் நின்றிருந்தது. அறைக்குள் புகை அடைத்துக்கொண்டு கண் எரிந்தது. இருமிக்கொண்டே போய்ச் சன்னலின் பலகைக் கதவைத் தள்ளினான்.

யாரோ முணுமுணுப்பது கேட்டது.

முதலில் அயாத் என்று நினைத்தான். பெண் குரல். வரிசை மாறாமல் சங்கீதம் போய்க்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் அந்தக் குரல் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியது. அந்த இடத்தில் அந்த வரியை விழுங்குவது அவனுடைய பழக்கம். சின்ன வயசில் தப்பாக மனப்பாடம் ஆகி, அப்பாவிடம் எத்தனையோ குட்டு வாங்கியும் திருந்தாத தப்பு.

எட்டிப் பார்த்தான். சன்னலுக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, கறுப்புப் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள் இல்ஹாம்.

“இங்க என்ன பண்றே நீ?”

அவள் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை காட்டினாள். அந்தச் சங்கீதத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“என்ன பண்றேன்னு தெரியலியா? நீங்க பண்ண வேண்டியதைப் பண்றேன்.”

“எத்தனை நாளா?”

“முதல் வாரத்துலேருந்து.” குளிரில் அவள் பல் அடித்துக்கொண்டது. “புள்ளை போன வீட்டுல தனியாப் படுக்க முடியாம எந்திரிச்சு வந்தேன். உங்க குரலைக் கேட்டுக்கிட்டு இங்க செத்த உக்காரலாம்னு வந்தேன். தொம் தொம்னு மாவு அடிக்கிற சத்தம்தான் கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“உனக்கு எழுத்தே தெரியாதே.”

“எழுத்து எதுக்கு? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து வீட்டுலயும் இங்கயும் நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

பிஷாய் சன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கையிலிருந்த மாவு கட்டையில் ஒட்டியது. ஒரு வருஷம்! அவன் போட்ட சவால், அவனுக்குக் கிடைத்த பதில், அந்தப் பதிலை வைத்து அவன் நெஞ்சுக்குள் கட்டியெழுப்பியிருந்தது எல்லாவற்றையும் இவள் இந்தச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாள். சங்கீதம் இல்லாமலா அப்பம் உப்பியது? இல்லையாம். ஆமாம் என்றும் இனிமேல் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இது ஒன்றாவது தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று இருந்தானே!

“துரோகி” என்றான். “தெரிஞ்சுக்கிட்டே என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கே. மனசார சொல்லுங்கன்னு முந்தாநாள்கூடக் கேட்டியே, எல்லாம் தெரிஞ்சுதானே கேட்டே?”

“நீங்க மட்டும்? சங்கீதம் சொல்லாத அப்பத்தை எனக்குத் தின்னக் குடுக்கலியா? எம் புள்ளைக்காகன்னு நெனச்சு நான் தின்னுவேன்னு தெரிஞ்சேதானே குடுத்தீங்க?”

அடுப்பில் சக்கை சடசடவென்று வெடித்தது.

“உனக்கு இன்னுமா நம்பிக்கை இருக்கு?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தான். கெஞ்சுகிற மாதிரி வந்தது.

“நம்பிக்கையா?” இல்ஹாம் சிரிக்க முயன்றாள். “பயம், யுஸ்தீனா அப்பா. அப்பம் வெடிச்சா சுட்டவன் வீட்டுக்கே சாபம்னு ஊர் பேசும். செத்த புள்ளை பேரையும் சேத்து இழுக்கும். அந்தப் பயத்துல சொல்ல ஆரம்பிச்சேன். நம்பிக்கை இருக்கா இல்லையான்னு நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.”

“ஏன்?”

அவள் எழுந்தாள். முட்டி பிடித்துக்கொள்ள, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இப்போது சன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு முகமும் நேருக்கு நேர்.

“அபூனா சொன்னாரு” என்றாள். “சனிக்கிழமை எழுந்து நடப்பான்னு சொன்னாரு. எனக்குச் சொல்லப்பட்டிருக்குன்னு சொன்னாரு. ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. போதுமா?”

ஒரு வருஷமாய் இந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் பிஷாய் செத்துக்கொண்டிருந்தான்.

“அப்ப ஏண்டி அன்னைக்கு...”

“அது ஞாபகம் இருக்குன்னு சொன்னா வண்டிக் கதவைப் பிடிச்சது யாருன்னும் ஞாபகம் வரும்ல? உங்களுக்கு வரும். ஊருக்கு வரும். எனக்கு வரும்.” அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். “அவர் சொன்னது பொய்யின்னா, நான் யாரு? சொல்லுங்க. நான் யாரு?”

அவன் ஒரு வருஷமாக அபூனாவைத் திட்டியிருக்கிறான், கடவுளைத் திட்டியிருக்கிறான். இந்தக் கையை ஒருதடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. என்றைக்கு நினைப்பானோ என்று காத்திருந்ததே அவளுக்கு எத்தனை பெரிய ஆயுள் தண்டனையாக இருந்திருக்கும் என்பதும் இந்த நொடி வரைக்கும் அவனுக்கு உறைக்கவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தான். மாவு புளித்து வழிகிற வாசனை வந்தது.

“போங்க, மாவு பொங்கிருச்சு” என்றாள் அவள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் தரையில் உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து முணுமுணுப்புத் தொடங்கியது.

பிஷாய் அப்பம் தட்டினான். முத்திரை வைத்தான், குத்தினான், சுட்டான். சங்கீதம் சொன்னானா என்றால் சொல்லவில்லை. ஆனால் சன்னலை மூடவில்லை.

பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. மஹ்ரூஸ் ஹாஜிகூட வந்து கடைசியில் கைகட்டி நின்றார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் இல்ஹாம். பிஷாய் வெள்ளைத் துணி விரித்த கூடையோடு பலிபீட வாசலில் போய் நின்றான். உதவிக்குருக்கள் சுற்றி நின்று இரக்கம் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஊரைப் பார்த்துச் சொல்ல அவன் சேர்த்து வைத்திருந்த பேச்சு நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அது இப்போது உண்மையில்லை. அந்த அப்பத்தில் சங்கீதம் இருந்தது. அதையும் சொல்லவேண்டுமென்றால் அவளைச் சொல்லவேண்டும். அவளைச் சொன்னால் கதவைச் சொல்லவேண்டும். திரும்பிப் பார்த்தான். இல்ஹாமின் முகம் வெளுத்துக் கிடந்தது. அவன் சொல்லிவிடுவான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

அபூனா வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் கனிவு. அப்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். வழக்கம்போல, ஜெபத்தில் நினைக்கவேண்டிய பெயர்களைக் குனிந்து கேட்டார்.

“யுஸ்தீனா” என்றான் பிஷாய்.

“ஆமா, நம்ம சம்மனசு. வேற யாராவது?”

“இல்ஹாம்.”

“இல்ஹாமா? அவளுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?”

“ஆமா அபூனா.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷமா.”

“அடடா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?”

பிஷாய் அவர் கண்ணை நேராகப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. பாட்டுச் சத்தத்தில் அருகில் நின்ற இரண்டு உதவிக்குருக்கள் காதில் மட்டும்தான் விழுந்திருக்கும்.

“சொன்னா ஞாபகம் வச்சிருப்பீங்களா அபூனா?”

அப்பத்தின் மேலிருந்த அவர் கை அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற உதவிக்குரு பாட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். அபூனா திருப்பிப் பார்க்காமலே கைக்கு வந்த அப்பத்தை எடுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே திரும்பினார். பிஷாய் மிச்ச அப்பங்களைத் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றான்.